அபிநயாவின் சீர்த்தட்டு

விடிந்தும் விடியாததுமாக அந்தச் சத்தம் கேட்டது.

டங்...

பின்கட்டில் பூட்டிக் கிடந்த சின்ன அறையிலிருந்துதான். பித்தளைச் சொம்புக்குள் யாரோ ஒரு கடுக்காயைப் போட்டது போல. அடுப்படியில் மணிமொழி அப்படியே நின்றாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மூத்தார் ஆதிமூலத்தின் கை ஒரு கணம் நின்று, பிறகு ஒன்றுமே நடக்காதது போலப் பக்கத்தைத் திருப்பியது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஓரகத்தி கண்ணகியின் கையிலிருந்து மாவு சிதறியது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதமாக அந்த வீட்டில் நடக்கும் ஊமை நாடகம் இது. மற்றவர்கள் பயந்தார்கள். மணிமொழியோ அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள். பால் பொங்கி வழிந்தது.

"பாலு பொங்கிக்கினு போவுது... நெனப்பு எங்கடி இருக்குது?" உள்ளே வந்த கண்ணகியின் குரலில் வழக்கமான காரம் இல்லை, நடுக்கம்தான் இருந்தது.

நினைப்பு எங்கே இருக்கும்! எட்டு வருடமாக அது அந்தப் பூட்டிய அறைக்குள்தான் இருக்கிறது. மணிமொழியின் ஒரே மகள் அபிநயா நாலு வயது வரை வாழ்ந்த அறை அது. அபிநயாவுக்குப் பேச்சு வரவில்லை, நடையும் சரியாக வரவில்லை. வலிப்பு மட்டும் அடிக்கடி வந்தது. கல்வராயன் மலைக் கடுக்காயை மணிமொழியின் அண்ணன் ஒருமுறை கொண்டுவந்து கொடுத்திருந்தான். அதை ஒவ்வொன்றாகச் சொம்புக்குள் போடுவாள் குழந்தை. டங்கென்று சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பாள். உறவுக்காரர்கள் வந்தால் அந்தச் சிரிப்பு வெளியே கேட்காமல் கதவைச் சாத்திவிடுவார்கள்.

இப்போது மணிமொழி சங்கராபுரம் கடைத்தெருக் கோடியில் உள்ள சிறப்புக் குழந்தைகளின் மழலையர் வகுப்புக்கு உதவியாளாகப் போகிறாள். அங்கே குழந்தைகள் இருந்தார்கள், அலமாரிகள்தான் காலியாக இருந்தன. "செவுத்துல படம் மாட்டி இன்னாங்க பிரயோஜனம்? நம்ம புள்ளைங்க தொடணும், உருட்டணும், போட்டு எடுக்கணும்... கை வழியாத்தான் அதுங்களுக்குப் படிப்பு ஏறும்" என்று இசபெல்லா டீச்சர் ஒருநாள் சொன்னபோது மணிமொழி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். என் பிள்ளை அந்த அறைக்குள் படித்துக்கொண்டுதான் இருந்தாளா!

ஊரார் மேளம் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய பொருள்களைக் கல்விச் சீராகக் கொண்டுபோகிறார்களே, அதைப் போல நாமும் செய்தால் என்ன என்று தோன்றியது. வீடு வீடாக ஏறி இறங்கினாள். 'பணம் வாணாங்க, ஒரு தட்டு நெறைய பொருளா குடுங்க' என்று கேட்டாள். சிலர் கதவைச் சாத்தினார்கள், பலர் கொடுத்தார்கள். கட்டைகள், கோக்கிற பெரிய மணிகள், சொரசொரப்பும் வழவழப்புமாகத் துணி ஒட்டிய பலகைகள், மணல் நிரப்பும் தட்டு எல்லாம் கூடத்தில் வரிசையாக இருந்தன. அவள் தட்டுச் சேர்க்கத் தொடங்கிய அன்றுதான் பின்கட்டில் சத்தமும் தொடங்கியது.

இன்று சீர் புறப்படும் நாள். ஒரு தட்டு மட்டும் இன்னும் காலியாக இருந்தது.

"அக்கா... அந்த ரூமு சாவிய குடுங்க. அபியோட சொம்ப எடுக்கணும்."

கண்ணகி இடுப்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வாணாம் மணி... அத தொறக்காத!"

ஆதிமூலம் பேப்பரை வீசி எறிந்தார். தம்பி மனைவியிடம் அவர் நேரே பேசுவதில்லை. மூலையில் நின்ற தம்பியைப் பார்த்துத்தான் கத்தினார். "அறிவு! உம் பொண்டாட்டிகிட்ட சொல்லு. எம் பொண்ணு ராதிகாவ கட்டப்போறவங்க கடை அந்தக் கடைத்தெருவுலதான் கீது. இந்த வூட்டுல அப்பிடி ஒரு புள்ள பொறக்கவே இல்லன்னு அவங்களுக்குச் சொல்லி வச்சிக்கீறேன். இன்னிக்கி மேளம் அடிச்சி ஊருக்கே காட்டணுமா? மருந்த மறந்துட்டுப் போயி பெத்த புள்ளைய வாரிக் குடுத்தவளுக்கு சீரு ஒரு கேடா!"

அறிவுச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். மகள் போன நாளிலிருந்து மனைவியிடம் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் மேல் அவன் பேசியதில்லை. அவனும் அதைத்தான் நம்பினான்.

மணிமொழியின் கண் நிறைந்தது. குரல் மட்டும் உடையவில்லை.

"இன்னா வேணா சொல்லுங்க மாமா... எட்டு வருசமா கேட்டுக்கினுதான இருக்கேன். ராதிகா வயசுக்கு வந்தப்ப தாய்மாமன் சீரு கூடம் நெறைய வந்துச்சி. எம் பொண்ணுக்கு ஒரு தட்டு வந்துச்சா? அவளும் இந்த வூட்டுலதான பொறந்தா! ஒரே ஒரு தபா, அவ பேரச் சொல்லி ஒரு தட்டு இந்த வாசப்படியத் தாண்டிப் போகட்டும்... அது போதும் எனக்கு."

டங்...

எல்லோர் முகமும் பின்கட்டுப் பக்கம் திரும்பியது.

டங்... டங்...

"நிறுத்தச் சொல்லு அவள!" கண்ணகி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் சரிந்தாள். "மணி, நிறுத்தச் சொல்லுடி! என்னிய கேக்கறாடி அவ... மருந்து எங்கன்னு கேக்கறாடி!"

"அக்கா, வாணாம்..." என்று மணிமொழி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தப் போனாள். கண்ணகி அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"இவ மறக்கலீங்க! ராதிகாவுக்கு சீரோட எங்கண்ணங்க வர்ற நேரத்துல அந்தப் புள்ள கண்ணுல படக்கூடாதுன்னு நான்தான் புள்ளையோட இவள கச்சிராயபாளையத்துக்கு, அம்மா வூட்டுக்கு, அவசர அவசரமா தொரத்தனேன். மருந்து ரூமுலயே நின்னுபோச்சி. அங்க போயி இவ போன் பண்ணா... 'பஸ்ஸுல கண்டக்டர்கிட்ட குடுத்து வுடுக்கா, புள்ளைக்கி கண்ணு சொருகுது'ன்னு அழுதா. பாட்டில எடுத்துட்டேன்... கையிலதான் வச்சிக்கினு இருந்தேன். கூடம் நெறைய ஜனம். யாருக்கு மருந்துன்னு கேட்டா இன்னா சொல்றதுன்னு... அப்பால அனுப்பலாம்னு மடியில முடிஞ்சிக்கினேன். பந்தி முடியறதுக்குள்ள புள்ள போய்ட்டான்னு போன் வந்துடுச்சி..."

ஆதிமூலம் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார். மணிமொழி குறுக்கே வந்து நின்றாள்.

"அடிக்காதீங்க மாமா! இதுக்குப் பயந்துதான் நான் வாய தொறக்கல!"

"மணி..." எட்டு வருடங்களுக்குப் பிறகு அறிவுச்செல்வன் அவள் பெயரைச் சொன்னான். "எங்கிட்ட கூடவா சொல்லக்கூடாது?"

"சொல்லியிருந்தா அக்காவ இந்த வூட்டுல வுட்டு வச்சிருப்பீங்களா? மஞ்சத் தண்ணி காயாம நின்னா ராதிகா... அவளும் அம்மா இல்லாம நிக்கணுமா? ஒரு புள்ள போனது போதாதா இந்த வூட்டுக்கு!"

அவன் சுவரில் சாய்ந்து, வாய்விட்டு அழுதான். அந்த வீட்டில் அவன் அழுது யாரும் பார்த்ததில்லை. இத்தனை நாளும் ஒரு நிரபராதியோடு பேசாமல் இருந்திருக்கிறோமே என்பது அவனை அறுத்தது.

ராதிகா அழுதுகொண்டே தாயின் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துச் சித்தியின் கையில் வைத்தாள். "அபிய மறைச்சி எனக்கு ஒரு கல்யாணம் வாணாம் சித்தி. தெரிஞ்சி வர்றவங்க வரட்டும்."

அறைக் கதவு முனகிக்கொண்டு திறந்தது. சொம்பு மூலையிலேயே இருந்தது. அதன் வாயை ஒட்டடை மூடியிருந்தது. பக்கத்தில் கிடந்த கடுக்காய்களின் மேல் தூசி கனமாகப் படிந்திருந்தது. அதில் ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆதிமூலம் மெல்லப் பின்வாங்கினார்.

மணிமொழி சொம்பை முந்தானையால் துடைத்துக் கடுக்காய்களோடு தட்டில் வைத்தாள். அதைத் தூக்கக் குனிந்தபோது இன்னொரு கை முந்திக்கொண்டது.

"நான் தூக்கறேன்டி... எனக்குத் தகுதி இல்லதான். ஆனா குடு" என்றாள் கண்ணகி.

மேளம் முன்னே போக, தெருவே தட்டேந்திப் பின்னால் நடந்தது. கடைத்தெருவில் மாப்பிள்ளை வீட்டாரின் ஜவுளிக்கடை வாசலில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். "இன்னாம்மா, யாரூட்டு சீரு?"

கூடவே வந்த ஆதிமூலம் குனிந்துகொண்டார். கண்ணகி மட்டும் நிமிர்ந்தாள்.

"எங்க வூட்டு சின்னப் பொண்ணு சீருங்க. அபிநயான்னு பேரு. பேச்சு வராது, சிரிப்பா... இப்ப இல்லீங்க. நான் அவளுக்குப் பெரியம்மா."

பெரியவர் தோளில் கிடந்த துண்டை மரியாதையாகக் கையில் எடுத்துக்கொண்டார். மணிமொழி அதைப் பார்க்கவில்லை, கண்ணீர் மறைத்திருந்தது.

வகுப்பில் தட்டுகளை இறக்கியதும் இசபெல்லா டீச்சர் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்தார். எதையுமே தொடாமல் மூலையில் ஒடுங்கியிருக்கும் ஒரு சிறுமி தவழ்ந்து வந்தாள். கடுக்காயை முகர்ந்தாள். உள்ளங்கையில் உருட்டினாள். சொம்புக்குள் போட்டாள்.

டங்!

அந்தச் சிறுமி உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். மணிமொழி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அறிவுச்செல்வன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை மணிமொழி அடுப்பில் பாலை வைத்தாள். பொங்கும்போது இறக்கினாள். வீடு நிசப்தமாக இருந்தது. பின்கட்டில் திறந்து கிடந்த அறை வாசலில் கண்ணகி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"மணி... இன்னிக்கி கேக்கலடி. போய்ட்டாளாடி அவ?"

மணிமொழி அவள் தோளைத் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காக்கா."