சுருக்கும் சொட்டு மருந்து

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சுதா, டார்ச்ச எட்த்துடு. இன்னா, நானும் உன் முயலா?”

ரஞ்சித்குமார் சிரித்தான். ஜெயசுதா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே வெயில் நேராக முகத்தில் விழுந்தும், கணவனின் இரண்டு கண்மணிகளும் துளிகூடச் சுருங்காமல் அகன்று கிடந்தன.

“நெஜமா சொல்லுங்க, அலமாரியில இருக்கிற, கண்மணிய விரிக்கிற மருந்த தொட்டீங்களா?”

“தொடல. காவலூர் வளைவுல வண்டி சறுக்கி வுழுந்தேன். எழுந்து வந்துட்டேன். அவ்ளோதான்.”

தலையில் பலமாக அடிபட்டால்தான் கண்மணி இப்படி விரிந்தே நிற்கும். போளூர் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஜீப் ஓட்டும் தனசேகரனுக்குப் போன் செய்தாள்.

“நெல்லிவாசல்ல டயர் பஞ்சர்க்கா. சாயங்காலந்தான் வர முடியும்.”

கண் மருந்துகளை முயல்களிடம் சோதிக்கும், அவள் வேலை பார்க்கும் அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில், மூத்திர நெடியும் ஈர வைக்கோல் மணமும் கலந்த புழுக்கத்தில், எந்நேரமும் கம்பியைக் கடித்துக்கொண்டிருக்கும் முயல்கள் எல்லாம் சத்தமே இல்லாமல் கூண்டுகளின் கடைசி மூலையில் ஒடுங்கி அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவன் கையைப் பிடித்தாள். வெயிலில் நடந்து வந்தவன் கை ஜில்லென்றிருந்தது.

கண்மணியைச் சுருக்கும் மருந்தை எடுத்தாள். அது தலைக்காயத்தை ஆற்றாது, தெரியும். ஆனாலும் அந்தக் கருப்பு ஒரு நூலளவு அசைந்தால் போதும், இவன் பிழைத்துவிடுவான் என்று மனசு அடித்துக்கொண்டது. வேலைப் பழக்கத்தில் வலது கண்ணில் மட்டும் விட்டாள். இடது கண், ஒப்பிட்டுப் பார்க்க.

காத்திருந்தாள்.

வலது கண்மணி சுருங்கியது. மெல்ல. கடுகளவுக்கு.

“சுருங்குதுங்க! சுருங்குது!”

அவன் மார்பில் முகம் புதைத்து அழுதாள்.

அழுகை சட்டென்று நின்றது.

காதுக்குக் கீழே ஒன்றுமில்லை. மூச்சு இல்லை. துடிப்பு இல்லை.

செத்த முயலின் கண்ணும் இந்த மருந்துக்குச் சுருங்கும். சில மணி நேரம் வரைக்கும். அவளே விட்டுப் பார்த்திருக்கிறாள்.

தலையைத் தூக்கினாள்.

கடுகாய் ஒரு கண். குழியாய் ஒரு கண். இரண்டும் இமைக்கவில்லை.

குளிர்ந்த விரல்கள் அவள் கையை மருந்து பாட்டிலோடு சேர்த்துப் பிடித்து, இடது கண்ணுக்கு மேலே இழுத்தன. அவன் பேசினான். மார்பு அசையவில்லை.

“இதுலயும் வுடு சுதா, சீக்கிரம். நேரமாச்சினா புடிக்காதுல்ல? ரெண்டும் ஒரே மாதிரி ஆய்ட்டா யாருக்கும் தெரியாது. நீ இன்னா நெனைக்கிற?”