மூன்றாவது சுற்று

“ஐயோ... அவர அடிக்காதீங்க சேர்!”

நாகலெட்சுமியின் அலறலில் டயகம தேயிலை மலையே திரும்பிப் பார்த்தது.

செடிகளுக்குள் மூக்கைக் குத்திக் கிடந்தது ஒரு குட்டி விமானம். அதன் முன்னால் அவள் புருஷன் யோகேஸ்வரன், கன்னத்தைப் பிடித்தபடி.

அறைந்தவர் இன்ஸ்பெக்டர் கஜேந்திரன்!

காலையில் தோட்டத்துக் கோவிலில் கும்பாபிஷேகம். கோபுரத்தின் மேல் பூ தூவ வாடகைக்கு வந்த விமானம் அது. பூ விழுந்தது... பின்னாலேயே விமானமும் விழுந்தது!

“டேங்க் காஞ்சு கெடக்கு! ராத்திரி மைதானத்துல பிளேனுக்கு வாச்சர் நீதானே? எவ்வளவு பெற்றோல் உறிஞ்சின?”

“அம்மன் சத்தியமா ஒரு சொட்டுக்கூட தொடலீங்க சேர்...”

“அப்ப தானாவா ஆவியாப் போச்சு? இவன ஜீப்புல ஏத்துங்கய்யா!”

லயத்து வீடுகளின் சனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. மகள் தனுஷிகா, கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டாள்.

அப்பாவைத் திருடன் என்கிறார்களே!

“அவர விடுங்க...”

முனகியது விமானி ஜூலியன். கால் முறிந்து, அம்புலன்ஸ் வரும்வரை கொழுந்துச் சாக்குகளின் மேல் கிடந்தான்.

“யாரும் திருடல சேர். ரெண்டு சுத்துக்கும் திரும்பிப் போறதுக்கும்தான் பெற்றோல் இருந்திச்சு. ரெண்டையும் முடிச்சிட்டேன். அப்பதான் கீழ ஒரு பொலிஸ்காரரு...”

“என்ன பண்ணான்?”

“தொப்பியக் கழட்டி ஆட்டினாரு. இன்னொரு சுத்துன்னு விரலச் சுத்திக் காட்டினாரு. முடியாதுன்னு போயிருக்கணும். பொலிஸாச்சேன்னு பயந்துட்டேன்... என் தப்புதான் சேர்.”

“எந்த மடையன் அவன்? இன்னைக்கே அவன் தொப்பிய...”

கஜேந்திரன் பாதியில் நின்றார்.

முகம் அப்படியே வெளுத்துப்போனது!

“ஏங்க!”

கையில் போனோடு ஓடிவந்தாள் அவர் மனைவி சுலக்ஷனா.

“மொத ரெண்டு ரவுண்டும் வீடியோவுல விழலன்னு அழுதேனே... நீங்க தொப்பிய ஆட்டிக் கூப்பிட்டீங்க பாருங்க, மூணாவது சூப்பரா விழுந்திருக்கு!”

எல்லார் கண்ணும் அவர் தொப்பிக்குப் போனது.

யோகேஸ்வரனின் கன்னத்தில் ஐந்து விரல்களும் சிவந்திருந்தன. கஜேந்திரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தனுஷிகாவின் பக்கம் பார்க்கவே அவரால் முடியவில்லை.

“அவர விடுங்கய்யா” என்றார் கான்ஸ்டபிள்களிடம். “யோகேஸ்வரன்... எல்லார் முன்னாடியும் அடிச்சேன். எல்லார் முன்னாடியும் கேக்குறேன்... மன்னிச்சிரு.”

தலை குனிந்து தொப்பியைக் கழற்றப் போனார்.

யோகேஸ்வரன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

“ஐயோ, தொப்பிய மட்டும் கழட்டாதீங்க சேர்... மேல எவனாச்சும் பாத்துத் தொலைக்கப் போறான்!”