மஞ்சள் காரின் தெளிந்த கண்

கதவைச் சாத்திவிட்டு இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஓட்ட ஆளில்லாத கார் ஒன்று மாலைதோறும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்த கதையைச் சொல்லப்போகிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதை முடியும்போது விட்டுவிடலாம்.

ஓமன் நாட்டு நிஸ்வாவில் ஷம்ஸா என்றொரு பெண்மணி இருந்தாள். அடிபட்ட வண்டிகளைச் சோதித்து, உடையவன் சொல்வது மெய்யா பொய்யா என்று இன்ஷூரன்ஸ்காரர்களுக்குச் சொல்லும் வேலையில் தலை நரைத்து ஓய்ந்தவள். அவளுடைய கொழுந்தன் ஹிலாலுக்குக் கார் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். மதினி எங்கே வண்டி பார்க்கப் போனாலும் முன்சீட்டில் முதலில் ஏறி உட்காருபவன் அவன்தான்.

ஒரு பிற்பகலில் அவர்கள் வீட்டுக்கு ஸாஹிர் வந்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பையன். ஹிலால் அவனுக்குக் காவா என்ற அரபுக் காப்பியை ஊற்றிக் கொடுத்தான். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். பால் மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். ஸாஹிர் ஆட்டவில்லை. ஹிலால் ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தான். பிள்ளை நிலைகொள்ளாமல் இருக்கிறான் என்று ஷம்ஸா அப்போதே கண்டுகொண்டாள்.

அவன் சொன்னது இதுதான். பஹ்லாவுக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஹமூத் என்ற பெரியவர் வீட்டில் மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விலைக்கு இருக்கிறது. அவருடைய மகன் கைஸ் ஓட்டியது. கைஸ் ஏழு ஆண்டுகளுக்கு முன் ஓடை வெள்ளத்தில் போய்விட்டான். அன்றிலிருந்து கார் ஓலைக்கொட்டகையை விட்டு நகரவில்லை. சாவி தாய் ஸலாமாவின் கழுத்தில் தொங்குகிறது. ஸாஹிர் முதல் முறை ஒரு காலையில் போனபோது அவளே திறந்து காட்டி, அவளே பூட்டினாள். உள்ளே பேட்டரி பச்சை பூத்துச் செத்துக் கிடந்தது. வண்டியில் வேறு குறையில்லை, ஹெட்லைட் ஒன்று மஞ்சளாய் மங்கியிருந்ததைத் தவிர. ஆசையில், இன்னொரு முறை பார்க்கலாமென்று மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் தனியாகப் போயிருக்கிறான்.

"மஃரிப் பாங்கு சொல்லி முடியலை. கொட்டகையில ஒத்தை விளக்கு எரியுது, அக்கா. காருக்குள்ள யாருமில்லை. கதவு பூட்டுனது பூட்டுனபடி. ஜன்னல்கிட்ட அந்தம்மா உக்காந்து சிரிக்கிறாங்க."

ஒற்றைக் கண் என்றதும் ஹிலால் நெஞ்சைத் தொட்டு முணுமுணுவென்று ஓதிக்கொண்டான். உலக முடிவில் வருவான் என்று சொல்லப்படும் ஒற்றைக் கண்ணனை அந்தப் பக்கத்து மக்கள் வேறெதையும்விட அதிகம் அஞ்சுவார்கள்.

"ஜின்னுக்குப் பயப்படுறியா?" என்றாள் ஷம்ஸா.

"ஜின்னுன்னா விட்டுட்டுப் போயிடுவேன். அந்தம்மா சொல்றதுதான் பயமா இருக்கு. மகன் சாகலையாம். சூனியக்காரன் அவனை மறைச்சு வெச்சிருக்கானாம். புதைச்சது ஈச்சமரத் துண்டாம். தினம் வந்து விளக்கைப் போட்டுட்டுப் போறானாம். நாளைக்கு அவன் திரும்பி வந்து என் வண்டி எங்கேன்னு கேட்டா? உயிரோட இருக்கிறவன் பொருளை வாங்கினா அது ஹராம் இல்லையா?"

வாங்கலாமா கூடாதா என்பதுதான் அவனுடைய கேள்வி. ஆனால் அதற்குள்ளே கைஸ் இருக்கிறானா இல்லையா என்ற கேள்வி முள்ளாய் இருந்தது. பெரியவர் எதற்காவது பிடிவாதம் பிடித்தாரா என்று ஷம்ஸா கேட்டாள். ஸாஹிர் விலையைக் குறைத்துக் கேட்டபோதும் அவர் மறுக்கவில்லையாம். அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு மட்டும் முகம் வெளுத்து, சனிக்கிழமைக்குள் எடுத்துப் போ, இல்லையென்றால் வேண்டாம் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை ஸலாமாவுக்கு மஸ்கட்டில் கண் ஆபரேஷன். அங்கே இருக்கும் அவர்களுடைய மகள் ஏற்பாடு செய்திருக்கிறாளாம்.

"நாளைக்குப் போவோம்" என்றாள் ஷம்ஸா. "தம்பி, அந்தக் காவாவைக் கீழே வை. இவன் ராத்திரி தூங்க வேண்டாமா?"

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு மூவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். ஊரைச் சுற்றி மலைகள் இரும்பு நிறத்தில் நின்றன. காற்றே இல்லை, ஆனாலும் கொட்டகை ஓலைகள் யாரோ மூச்சு விடுவதுபோல் சரசரத்தன. ஹமூத் பேரீச்சம்பழமும் காவாவும் வைத்து உபசரித்தார். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியைக் கீழே வைக்கவேயில்லை. ஸலாமா ஷம்ஸாவின் குரல் வந்த திசையைப் பார்த்துப் பேசினாள். அவளுடைய இரண்டு கண்களிலும் பால் படர்ந்திருந்தது.

கார் வீட்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றது. இடது விளக்கு காய்ச்சல்காரன் கண்ணைப்போல் மஞ்சளித்திருந்தது. வலது விளக்கு பளிச்சென்று தெளிந்திருந்தது. ஹிலாலுக்குக் கை துறுதுறுத்தது.

"மதினி, இதுல என்ன மர்மம்? வலது பக்கம் எங்கேயோ இடிச்சிருக்கு, புது லைட் மாத்தியிருக்காங்க. இடது பக்கம் வெயில்ல மங்கினது வெறும் மேல்பூச்சு விஷயம். பாலிஷ் போட்டா போயிடும்."

ஷம்ஸா வலது விளக்கின் மேல் நகத்தை மெல்ல ஓட்டினாள். பிறகு அவன் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தாள். சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்பட்டன. இடது விளக்கிலும் அதே குழிகள், அதே நெருக்கம். அடுத்து டார்ச்சைச் சாய்த்து அடித்தாள். தெளிந்த விளக்கின் உட்புறம், பல்புக்கு மேலே, கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்பாய்த் தீய்ந்த கறை. மங்கிய விளக்கின் உள்ளே கறையே இல்லை. கடைசியாகத் தெளிந்த விளக்கின் விளிம்பு இடுக்கை நகத்தால் கீறினாள். வெள்ளை மாவு உதிர்ந்தது.

பேச்சுவாக்கில், விளக்கு எப்போதும் ஒரே வெளிச்சமாக எரியுமா என்று அவள் ஸலாமாவைக் கேட்டாள்.

"போன வருஷம் மங்கிப்போச்சு மகளே. என் புள்ள களைச்சுட்டான்னு அழுதேன். அப்புறம் பழையபடி தெளிஞ்சுது. இப்ப மறுபடியும் மங்குது" என்றாள் அந்தத் தாய்.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கியது. பள்ளிவாசலில் பாங்கு எழுந்தது. ஹமூத் தடியை ஊன்றிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னாலிருந்த குழாயடிக்கு, தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யப் போனார். தண்ணீர் விழும் ஓசை கேட்டது. அந்த ஓசைக்கு நடுவே, பூட்டிய காரின் வலது கண் திறந்தது.

ஓடிவிடலாமென்று ஹிலாலின் கால் நினைத்தது. கால் நினைத்ததை உடம்பு கேட்கவில்லை. ஸாஹிர் அவனுடைய தோளை இறுகப் பிடித்திருந்தான். ஜன்னலில் ஸலாமா முகத்தை உயர்த்திச் சொன்னாள்: "வந்துட்டான்."

தொழுகை முடிந்ததும் ஷம்ஸா பெரியவரைக் குழாயடிக்கு அழைத்துப் போனாள். ஹிலாலும் ஸாஹிரும் மட்டும் கூட நின்றார்கள்.

"மாமா, குத்தம் சொல்ல வரலை" என்று மெதுவாகத் தொடங்கினாள். "இந்தப் பையனுக்கு மனசு தெளியணும். அதுக்காகத்தான் சொல்றேன். புது லைட்டுன்னு என் கொழுந்தன் நினைச்சான். புதுசுல மணல் அடிச்ச குழி இருக்காது. ரெண்டு லைட்டுலயும் ஒரே குழி. கைஸ் ஓட்டின காலத்துக் குழி. அப்ப ரெண்டும் ஒரே வயசு. ஒன்னை மட்டும் யாரோ தேய்ச்சுத் தேய்ச்சுத் தெளிய வெச்சிருக்காங்க."

பெரியவர் குழாயைத் திருகி இறுக்கினார்.

"உள்ளே தீய்ஞ்சிருக்கு. வண்டி ஓடினா காத்துல சூடு ஆறிடும். நின்ன இடத்துலயே மணிக்கணக்கா, வருஷக்கணக்கா எரிஞ்சாத்தான் அப்படித் தீயும். அதுவும் ஒத்தை விளக்கு, அந்த ஜன்னலைப் பாக்கிற விளக்கு. வண்டி பேட்டரி செத்துப்போச்சு. அப்ப வெளியிலிருந்து கம்பி வரணும்."

ஹிலாலுக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து ஓலைகளை விலக்கினான். புதிய பேட்டரி ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் புதைந்து காரின் அடிப்பக்கம் ஏறியது. இன்னொன்று குழாய்க்கு மேலே சின்ன சுவிட்சில் முடிந்தது. சுவிட்ச் ஈரமாயிருந்தது.

"இடுக்குல இருந்த வெள்ளை மாவு வெள்ளிக்குப் போடுற பாலிஷ். உங்க தடிப் பூண் வேலைப்பாட்டுலயும் அதே மாவு ஒட்டியிருக்கு."

ஹமூத் தடியைப் பார்த்தார். பிறகு குழாயடிக் கல்லில் உட்கார்ந்தார். முதல் வருஷம் அவள் பொழுது சாய்ந்தால் ஓடைக்கு ஓடிவிடுவாளாம். சோறு இறங்காதாம். ஒருநாள் வேறெதற்கோ விளக்கை எரியவிட்டுப் பார்த்தாராம். அப்போதே ஆளடையாளம் தெரியாத கண் அவளுக்கு; மகன் வந்துவிட்டான் என்று சிரித்து, ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாளாம். அந்த ஒரு தட்டுச் சோற்றுக்காக ஏழு வருஷம் ஓடிவிட்டது. விளக்கு மங்குகிறது என்று அவள் அழுதபோது கண்ணாடியைத் தேய்த்தாராம். தேய்த்தும் மங்குகிறது என்றபோதுதான் தெரிந்ததாம், மங்குவது விளக்கல்ல என்று.

"ஞாயித்துக்கிழமை அவங்களுக்குக் கண் தெளிஞ்சுடும்" என்றாள் ஷம்ஸா. "அப்புறம் ஜன்னல் வழியா மகனைப் பாக்க மாட்டாங்க. குழாயடியில சுவிட்சைப் போடுற உங்களைப் பாப்பாங்க. அதனாலதான் சனிக்கிழமை."

"கார் போயிட்டா, மகன் எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லலாம்னு இருந்தேன்" என்றார் பெரியவர்.

ஸாஹிர் தயங்கித் தயங்கிக் கேட்டான். "மாமா, புதைச்சது..."

"என் புள்ளைதான். குளிப்பாட்டினது நான்."

"அவங்ககிட்ட யார் சொல்றது, மாமா? நீங்களா, நானா?"

ஹமூத் எழுந்தார். உள்ளே போய் மனைவியின் கையைப் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு வந்தார். அவள் விரலை எடுத்து ஈரச் சுவிட்சின் மேல் வைத்தார். அவள் விரல் அதைத் தடவியது. கம்பியைத் தடவியது. அவருடைய நனைந்த கையைத் தடவியது. ஹிலால் அவள் அலறுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் அலறவில்லை.

"அவன் முகத்தைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேன். நான்தான் தண்ணி ஊத்தினேன்."

"கண்ணு?"

"ஒன்னு திறந்திருந்துச்சு, ஸலாமா. என்னால மூட முடியலை."

அவள் வெகுநேரம் விளக்கின் பக்கம் முகத்தைத் திருப்பியபடி நின்றாள். மங்கிய கண்களில் அந்த வெளிச்சம் இரண்டு பொட்டாய்த் தெரிந்தது. பிறகு, உறங்குகிற குழந்தையின் இமையைத் தொடுவதுபோல், சுவிட்சை அழுத்தினாள். கொட்டகை இருண்டது. ஓலைகளின் சரசரப்பும் அந்த நொடியில் நின்றுபோனது என்று ஹிலால் இன்றைக்கும் சத்தியம் செய்வான்.

"இப்ப மூடிட்டேன்" என்றாள் அவள். கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி, ஸாஹிரின் கை எங்கே என்று துழாவிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காரை எடுத்துவரப் போனபோது, அந்த மஞ்சள் விளக்கைத் தெளிய வைக்க ஹிலால் பாலிஷ் டப்பா கொண்டுபோனான். ஸாஹிர் தொட விடவில்லை. ஒன்று தெளிவாகவும் ஒன்று மங்கலாகவும் இருக்கட்டும் என்றுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டுக்குப் போன வண்டியில், ஹமூத் மனைவியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கண் கட்டை அவிழ்த்ததும் ஸலாமா முதலில் பார்த்த முகம் அவருடையதுதான்.

இனி என் கையை விடலாம், கண்ணுகளா. உங்கள் வீட்டில் மாலை விளக்கை ஏற்றுகிற கை நடுங்காமல் இருக்கட்டும். வாசலைப் பார்த்துக் காத்திருக்கிறவர்களுக்கு, வரவேண்டியவர்கள் வந்து சேரட்டும். அல்லாஹ் உங்கள் குடும்பத்தைக் கண்ணின் இமைபோல் காக்கட்டும்.