ஐந்தாவது மாடிக் கதவு

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராகினி படியேறி வந்தாள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்தது காஜா மொய்தீனின் அலுவலகம். போலீசிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது தனியாகத் துப்பறியும் வேலை செய்பவர் அவர். உதவியாளன் சுஜீவன் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

ஒரு தனியார் ஆம்புலன்ஸ் சேவையில் அழைப்புகளை எடுத்து வண்டி அனுப்பும் வேலை அவளுக்கு. சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு சிம்பாங் அம்பாட்லேருந்து யோகலட்சுமி அக்கா கூப்பிட்டாங்க, அங்கிள். சுங்கை பினாங் ஃபிளாட்ல அவங்கப்பா விநாசித்தம்பி தனியா இருக்காராம். நெஞ்சு வலின்னு போன்ல பேசிக்கிட்டே இருந்தவரு பேச்சை நிறுத்திட்டாராம். நான் உடனே வண்டி அனுப்பிட்டேன்."

கட்டடத்துக்குப் போனதும் ஓட்டுநர் கீழேயே இருந்துவிட்டார். மருத்துவ உதவியாளர் இர்வான் மட்டும் லிப்ட் வாசலிலிருந்து, எந்த மாடி என்று வாக்கிடாக்கியில் கேட்டார். ஐந்தாவது மாடி, பன்னிரண்டாம் வீடு என்றாள் ராகினி. சில நிமிடங்களில், வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லி வண்டி திரும்பிவிட்டது. முக்கால் மணி நேரம் கழித்து அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தபோது பெரியவர் இறந்து கிடந்தார்.

"நான் மூணாவது மாடின்னு சொன்னதா இர்வான் எழுதிக் கொடுத்திருக்காரு. ரெக்கார்டிங் மெஷின் பழுது. நான் எழுதின சீட்டுல அஞ்சுன்னுதான் இருக்கு. அதை அப்புறமா திருத்தியிருப்பேன்னு சொல்றாங்க. அக்காவைக் கேட்டா, அந்த நடுக்கத்துல என்ன சொன்னேன்னே தெரியலை, நானே மாத்திச் சொல்லியிருப்பேன்னு அழறாங்க. இன்னைக்கு நாலு மணிக்கு ஆபீஸ்ல விசாரணை. வேலை போனா போகட்டும். அவர் என்னாலதான் செத்தாரான்னு எனக்குத் தெரியணும்."

இர்வானின் வாக்குமூல நகலைக் காஜா மொய்தீன் இரண்டு முறை படித்தார்.

'மூன்றாவது மாடி, பன்னிரண்டாம் வீட்டுக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. வாசலில் ஒரு ஜோடிச் செருப்புகூட இல்லை. தரை ஈரமாக இருந்ததால் வழுக்கி முழங்காலில் அடிபட்டது. ஆள் இல்லை என்று திரும்பினேன்.'

"வெள்ளிக்கிழமை மழை பெஞ்சுச்சா?"

"ரெண்டு வாரமா ஒரு சொட்டு இல்லேண்ணே," என்றான் சுஜீவன்.

அரை மணி நேரத்தில் மூவரும் சுங்கை பினாங்கில் இருந்தார்கள். மூன்றாவது மாடி நடைபாதை முழுக்க நீர் பளபளத்தது. எந்த வாசலிலும் செருப்பு இல்லை. ராகினியின் முகம் வெளுத்தது.

"அண்ணே, இர்வான் எழுதினது அப்படியே இருக்கே," என்றான் சுஜீவன் தணிந்த குரலில்.

"அவசரப்படாதே. இன்னைக்கு என்ன கிழமை?"

பன்னிரண்டாம் வீட்டு பிரமிளா குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். இடுப்பில் ஒன்று, காலடியில் இரண்டு.

"புதன்கிழமை எங்க மாடி லா, அங்கிள். தண்ணி அடிச்சுக் கழுவுவாங்க. செருப்பை வெளிய விட்டா அடிச்சுக்கிட்டுப் போயிடும், அதான் எல்லாரும் உள்ள எடுத்து வெச்சுருவோம். மத்த நாள்ல வாசல் நிறைய இதுங்க செருப்புதான். திங்கள்ல முதல் மாடி, அப்படியே நாளுக்கு ஒண்ணு."

"அப்போ வெள்ளிக்கிழமை?"

"அஞ்சாவது மாடி."

"அன்னைக்குப் பதினோரு மணிக்கு யாராவது வந்து உங்க கதவைத் தட்டினாங்களா?"

"யாரும் வரலையே. இதுங்களை விட்டுட்டு நான் எங்க போறது? பாத்ரூமே ஓடிப் போய் ஓடி வர்றேன்."

விசாரணை அறையில் மேலதிகாரி முன்னிலையில் காஜா மொய்தீன் குரல் உயர்த்தாமல் பேசினார்.

"வெள்ளிக்கிழமை மூணாவது மாடி காய்ஞ்சு கிடந்துச்சு, தம்பி. வாசல் நிறைய பிள்ளைங்க செருப்பு. வீட்டுல ஆளும் இருந்துச்சு. ஈரமும், செருப்பில்லாத வாசலும் அன்னைக்கு அஞ்சாவது மாடியிலதான். நீங்க வழுக்கி விழுந்தது விநாசித்தம்பி வீட்டு வாசல்ல. ராகினி சரியா சொன்னதாலதான் அங்க போய் நின்னீங்க."

இர்வான் தன் வாக்குமூலத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"செருப்பு இல்லேன்னா வீட்டுல ஆள் இல்லேன்னுதானே அர்த்தம், அண்ணே? எங்க வீட்டுலயும் அப்படித்தான். பத்து நிமிஷம் நிக்கணும், கூப்பிட்டவங்களுக்குப் போன் போடணும்னு ரூல் இருக்கு. நான் ரெண்டு தட்டு தட்டிட்டு இறங்கிட்டேன். அவர் செத்துட்டாருன்னு கேட்டப்போ பயந்துட்டேன்."

"செருப்பைப் பார்த்து ஏமாந்தது யாருக்கும் நடக்கும். பழியைப் புதுசா வந்த பிள்ளை தலையில போட்டீங்களே, அது நீங்களா செஞ்சது."

இர்வான் ராகினியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் மேலதிகாரி பக்கம் திரும்பினாள்.

"யோகலட்சுமி அக்காகிட்ட நானே பேசட்டுமா?"

"கதவு வரைக்கும் ஆள் வந்து திரும்பிட்டாருன்னு கேட்டா தாங்குவாங்களா?" என்றான் சுஜீவன்.

"தாங்கமாட்டாங்க. ஆனா அவங்க தன்னாலதான்னு நெனச்சு அஞ்சு நாளா சாப்பிடலையாம்."

அவள் எண்ணை அழுத்தினாள். முதலில் தன் பெயரைச் சொன்னாள். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"அக்கா, நீங்க சரியாத்தான் சொன்னீங்க. அஞ்சாவது மாடின்னுதான் சொன்னீங்க. மிச்சத்தையும் சொல்றேன், மெதுவா கேளுங்க."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ராகினி ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.