குருவிமலை மேல் டிவிஷன்

"யானை தெரிஞ்சா நான் காட்டுற பக்கம் ஓடணும். ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது!" என்று எச்சரித்துவிட்டு, வனக்காவலர் மாரப்பன் காட்டுக்குள் நுழைந்தார். ஜெசிந்தா பின்தொடர்ந்தாள்.

நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு உறவென்று ஒருவருமில்லை. அம்மா முன்பே போய்விட்டாள். மதுரையில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பா சந்தியாகுவை, போன மார்ச்சில் அவள்தான் அடக்கம் செய்தாள். அவர் பெட்டியில் ஒரே ஒரு புகைப்படம் இருந்தது. தேயிலைச் செடிகளுக்கு முன்னால் ஒரு கணவன், மனைவி, இரண்டு பையன்கள். சின்னவன் அப்பா. மற்றவர்கள்? "எல்லாரும் மண்சரிவுல போயிட்டாங்க" என்பதற்குமேல் அவர் பேசியதே இல்லை. அந்த முகங்களின் பேர்கூடத் தெரியாதது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

படத்தின் பின்புறம் 'குருவிமலை' என்றிருந்தது. புறப்பட்டு வந்துவிட்டாள். அந்த ஊர் மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர்கள் கிடைத்தன: தகப்பன் சவரிமுத்து, தாய் வியாகுலம், மூத்த மகன் சூசை. அவர்கள் வாழ்ந்த தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷனை, 1968 மண்சரிவுக்குப் பிறகு காடு விழுங்கிவிட்டது. அங்கே அவர்கள் கல்லறையாவது மிஞ்சியிருக்குமா என்று பார்க்கத்தான் இப்போது போகிறாள்.

ஓடையில் இடுப்பளவு தண்ணீர். பாதி கடந்ததும் மாரப்பன் சட்டென்று கையை உயர்த்தினார். எதிர்க்கரை மூங்கில்கள் சடசடவென முறிந்தன. ஒற்றைக் கொம்பன்!

"அசையாதீங்க!"

ஜெசிந்தா தண்ணீரிலேயே நின்றாள். 'இங்கே செத்தால் தேடிவர யார் இருக்கிறார்கள்?' என்று தோன்றியது. நெடுநேரம் கழித்து யானை திரும்பி நடந்தது.

மேட்டில் ஏறியதும் கல்லறைகள் தென்பட்டன. எல்லாவற்றையும் புதர் மூடியிருந்தது. ஒன்றை மட்டும் மூடவில்லை! களை பிடுங்கி, வெள்ளையடித்து, பளிச்சென்று நின்றது அந்தச் சிலுவை. ஓடிப்போய்ப் படித்தாள். சவரிமுத்து. வியாகுலம். சந்தியாகு. 1968.

"அண்ணே, சந்தியாகு எங்கப்பா! அவர் அப்போ சாகலையே!" என்று அலறினாள். மறுநொடி பெயர்களை மீண்டும் படித்தாள். "சூசை பேரு இதுல இல்ல!"

"சூசையா?" மாரப்பன் யோசித்தார். "கல்லறைத் திருநாளுக்கு வருசா வருசம் பர்மிஷன் வாங்குறவரு பேரு அதானே! ஆபீஸ் நோட்டுல பாத்திருக்கேன். கீழ் டிவிஷன்ல தனியா இருக்காரு."

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் திறந்தவருக்கு அப்பாவின் அதே நெற்றி. அவள் சொல்வதை நின்றபடியே கேட்ட கிழவர், தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைத் தோண்டி எடுத்து ஆஸ்பத்திரியில போட்டாங்க. உடம்பு கெடைக்கல, தம்பியும் போயிட்டான்னுதான் சொன்னாங்கம்மா... போன வருசம்கூட உசுரோட இருந்தானா?"

"ஆமா பெரியப்பா."

தேடியிருந்தால் அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் கிடைத்திருப்பார்கள். மற்றவர் செத்துவிட்டார் என்று நம்பியதால் இருவருமே தேடவில்லை.

"அவன் பேரை அங்கருந்து அழிச்சிரணும்" என்றார் சூசை, கண்ணைத் துடைத்தபடி.

"வேண்டாம் பெரியப்பா. அப்பா பேரு அவங்க அம்மா பேரு பக்கத்துலயே இருக்கட்டும். அவருக்கு வருஷத்தை மட்டும் மாத்துவோம். இனி கல்லறைத் திருநாளுக்கு நானும் வர்றேன்."