வெட்டி எறிந்த தோல்விகள்

வேலையில் முதல் நாள். காலை பதினொரு மணி வெயிலில் படியேறிப் போனேன். உள்ளே கும்மிருட்டு. படம் பிடிக்க வசதியாக ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை வந்தது.

வீட்டுக்காரனுக்குப் பட்டப்பெயர் 'ஜாக்பாட்'. கிரிப்டோவில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தைத் தானே ஆடிக் காட்டி வீடியோ போடுகிறவன். ஆறு லட்சம் பேர் பார்க்கிறார்கள். அதில் என் தங்கை புருஷனும் ஒருத்தர். மகளின் காது ஆபரேஷனுக்குச் சேர்த்த பணத்தை அதில் போட்டால் ஒரே வாரத்தில் இரட்டிப்பாகும் என்று குதித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆரம்பத்திலிருந்தே அந்த ஜாக்பாட்டின் சிரிப்பில் நம்பிக்கையில்லை. நான் வீடியோ எடிட்டர். அவனுக்கு ஆள் தேவை என்று தெரிந்ததும் போனிலேயே பேசி வேலைக்குச் சேர்ந்தேன். உண்மை என்னவென்று பார்த்துச் சொல்லும்வரை பணத்தில் கை வைக்கக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

தெரிந்துகொள்ள அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவன் ஆடுவது சொந்தக் காசே இல்லை. சூதாட்டக் கம்பெனிக்காரன் தினமும் காலையில் அவன் கணக்கை நிரப்பிவிடுகிறான். ஒன்பது ஆட்டம் தோற்பான், ஒன்றில் ஜெயிப்பான். ஒன்பதையும் வெட்டிவிட்டு அந்த ஒன்றை வைப்பதுதான் என் வேலை. நல்ல பிழைப்பு!

வாயால் சொன்னால் மாப்பிள்ளை நம்பமாட்டார். வெட்டிய துண்டுகளைக் காப்பி எடுத்துப் போக நினைத்து, ஒழுங்காக வேலை பார்ப்பதுபோல் உட்கார்ந்தேன்.

ஒன்பதையும் வெட்டினேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், அத்தனையும் பழைய இடத்தில் ஒட்டியிருந்தன. என் கைத்தவறாக இருக்கும் என்று மறுபடி வெட்டினேன். கண்ணெதிரே ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

மவுஸை நான் தொடவே இல்லை.

முதல் துண்டை ஓட்டிப் பார்த்தேன். நேற்று எடுத்தது. ஜாக்பாட் தோற்றுப்போய்த் தலையில் அடித்துக்கொள்கிறான். பின்னால், நிழலில், நான் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே மேஜை. யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது துண்டில் அந்த உருவம் கொஞ்சம் திரும்பியிருந்தது.

மூன்றாவதில் இன்னும் கொஞ்சம்.

நான்காவதை ஓட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. பயந்துவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஜாக்பாட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். நேற்று இந்த அறையில் தன்னைத் தவிர யாருமே இல்லை என்றான். எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் யார் என்று கேட்டேன். அவன் குரல் இறங்கிப்போனது.

"தோத்ததையெல்லாம் வெட்டினவனே அவன்தான். அப்படியும் நம்பிட்டான். கையில இருந்தது பூரா போட்டான்."

"இப்ப எங்க இருக்கார்?"

"நீங்க முதல்ல எந்திரிங்க. அந்த நாற்காலியிலதான் அவன்..."

முடிக்கவில்லை.

என் பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஆதாரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று தெருவுக்கு ஓடிவந்தேன். மாப்பிள்ளைக்கு போன் போட்டு, எல்லாம் பித்தலாட்டம், ஒரு பைசா போடாதீர்கள் என்று கத்தினேன்.



"என்ன மச்சான் இப்படிச் சொல்றீங்க? நேத்து வந்த வீடியோவுல அவருக்குப் பின்னாடி நீங்கதானே உட்கார்ந்திருந்தீங்க? திரும்பி என்னைப் பார்த்துத் தலையாட்டினீங்க. அப்புறம்தான் மொத்தத்தையும் போட்டேன்."

நான் அந்த வீட்டுப் படியை மிதித்ததே இன்று காலையில்தான்.