இரண்டாவது இருக்கையின் அளவு

துப்பறிவாளர் கதவைத் திறப்பதற்குள் வந்தவர் பாதி வழக்கைச் சொல்லிவிட்டார். தலையில் முடி இருந்த காலத்தில் அவர் வரையத் தொடங்கிய மோட்டார் கிளைடர் அது. இன்ஜினை அணைத்தாலும் பருந்துபோல் மிதந்து ஊர் ஊராகப் போகும் இருவர் விமானம். நாளை அரசுப் பரிசோதகர் ஒப்புக்கொண்டால் வரிசையாகச் செய்து விற்கலாம். இன்று பார்த்தால், விமானத்தை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுப் பிடி முழுக்கப் பின்னால் வரவில்லை. கூட்டாளியான மைத்துனரின் சதிதான்; போலீசுக்குப் போகிறேன் என்றார்.

துப்பறிவாளர் கொட்டாவி விட்டார். ‘அவசரம்’ என்று பட்டப்பெயர் வாங்கிய அவருடைய உதவியாளன், பட்டறை போய்ச் சேர்வதற்குள் மனத்துக்குள் மைத்துனரைத் தூக்கிலேயே போட்டுவிட்டான்.

அந்தப் பட்டறையில் இருமினால் எதிரொலி அடுத்த ஊர் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பும். மாடியில் வீடு. மாடிப்படியின் அடியில் மூடி வைத்த ஒரு தட்டு. வந்தவரின் மனைவி வைத்துவிட்டுப் போவாராம்; இவர் தின்றுவிட்டுக் கவிழ்ப்பாராம். பேச்சு அந்தப் படியில் இறங்கி வருவதில்லை என்பது அவசரத்துக்கே புரிந்தது. மைத்துனர் பனைமரம்போல் நெட்டையாக ஓரத்தில் நின்றார்.

இரு இருக்கைக்கும் இரு பிடி. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். வலப்பக்கப் பிடி மெத்தையில் முட்டியது. இடது மெத்தையைவிட அந்த மெத்தை இரண்டு விரல்கடை தடிமன். ஓரத்தில் கைத்தையல். அந்தப் பக்கத்துப் பெடல்கள் கிட்டே இழுக்கப்பட்டிருந்தன, பெல்ட் இறுக்கப்பட்டிருந்தது.

“பஞ்சைத் திணிச்சிருக்கார் சார்,” என்று அவசரம் மைத்துனரைப் பார்த்தான்.

“கெடுக்க வந்தவன் பெடலை எதுக்கு இழுக்கணும்? பெல்ட்டை எதுக்கு இறுக்கணும்? இது உக்காந்து பார்த்த ஆள். குள்ளமான ஆள். மெத்தை உசந்தாத்தான் வெளியே தெரியும்.” துப்பறிவாளர் வந்தவர் பக்கம் திரும்பினார். “ரெண்டு சீட்டுக்கும் யாரை அளவெடுத்தீங்க?”

“என்னைத்தான். ரெண்டுக்கும்.”

“ரெண்டாவதுல யாரு வர்றதா இருந்துது?”

அவர் வலப்பக்க இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“நீங்க வெளிய போறப்பல்லாம் உக்காருவேன். முன்னால ஒண்ணும் தெரியலை. என் தலகாணியைப் பிரிச்சு உள்ள வெச்சேன். பிடி முட்டும்னு தெரியாது.”

தையலைப் பிரித்தால் நாளைக்கே தேறிவிடும் என்றார் துப்பறிவாளர். கத்திரிக்கோலை எடுத்த கணவர், வெட்டாமல் அதைக் கீழே வைத்தார்.

“மச்சான், தப்பா நினைச்சுட்டேன். பரிசோதகர்கிட்ட நாளைக்கு வேணாம்னு சொல்லிடு. இந்தப் பக்கத்தை இவ அளவுக்கு மறுபடி வரையணும்.”

மனைவி கடைசிப் படியும் இறங்கி வந்தார்.

“அளவெடுக்கறதா இருந்தா முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க,” என்றார்.